லெஜேயின் மிதிவண்டிப் படம்: பென்சில் கையெழுத்தை நம்பி வாங்கலாமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். பிரெஞ்சு ஓவியர் ஃபெர்னான் லெஜேயின் ‘ஓய்வுநேரம்’ ஓவியத்தின் அசல் லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்) என்று சொல்லி, பழம்பொருள் சந்தைக் கடைக்காரர் ஒருவர் ஒரு தாளை 1,800 யூரோவுக்குத் தருகிறார். கீழே பென்சிலில் கையெழுத்தும் 45/75 (75 படிகளில் 45ஆவது) என்ற எண்ணும் இருக்கின்றன. சான்றிதழும் தருவாராம். என் கணவர் 150 யூரோ முன்பணம் கொடுத்துவிட்டார். நம்பி வாங்கலாமா?

பதில்: மீதித் தொகையை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். தாளை நேரில் பார்க்காமல் அது போலி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு நம்பிக்கை தருவதற்காகக் கடைக்காரர் காட்டும் கையெழுத்து, எண், சான்றிதழ் ஆகிய மூன்றும் எவராலும் எளிதில் சேர்க்கக்கூடியவை.

லெஜே 1948–49இல் வரைந்த அந்த எண்ணெய் ஓவியம் 154 செ.மீ. உயரமும் 185 செ.மீ. அகலமும் கொண்டது, பொம்பிடு மையத்தில் அமைந்த தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுப்பு தரும் சட்டம் 1936இல் வந்தது. மிதிவண்டியில் ஊரைவிட்டுக் கிளம்பிய அந்த எளிய மக்களைத்தான் லெஜே வரைந்தார். இயந்திரத்தை அவர் பகையாகப் பார்த்தவர் அல்லர். மனிதரின் கைகால்களும் வண்டியின் குழாய்களும் ஒரே வார்ப்பில் செய்தவைபோலத் திரண்டிருக்கும். முன்னால் தரையில் இருக்கும் பெண்ணின் கையிலுள்ள காகிதத்தில், பிரெஞ்சுப் புரட்சிக் கால ஓவியர் லூயி தவீதுக்குச் செலுத்தும் மரியாதை எழுதப்பட்டிருக்கும். கெட்டியான கறுப்புக் கோடும் பளிச்சென்ற நிறமும் எவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக அவர் தேர்ந்தவை. அந்தத் தெளிவே அச்சில் நகலெடுப்பவர்களுக்கும் வசதியாகிவிட்டது.

லெஜே 1955 ஆகஸ்டில் இறந்தார். அதற்குப் பிறகும் அவருடைய ஓவியங்களைப் பார்த்து லித்தோகிராஃப்களும் கண்காட்சிச் சுவரொட்டிகளும் அச்சாகின. அவற்றை அச்சிட்டதில் குற்றமில்லை. சில நூறு யூரோவுக்கோ அதற்கும் குறைவாகவோ விற்க வேண்டிய அத்தகைய தாளின் ஓரத்தில், பின்னர் யாரோ பென்சிலால் பெயரெழுதி விலையை ஏற்றுவதுதான் குற்றம். ஆகவே தாள் எப்போது அச்சானது என்பதை முதலில் கேளுங்கள். 1955க்குப் பிந்தைய அச்சில் அவருடைய பென்சில் கையெழுத்து இருக்க வழியே இல்லை. அவருடைய அச்சுப் படைப்புகளுக்கு லாரன்ஸ் சஃபையர் தொகுத்த பட்டியல் 1978இல் வெளிவந்தது. அதில் இந்தத் தாளுக்கு எந்த எண் என்று கேட்டால், நேர்மையான வியாபாரி நொடியில் காட்டிவிடுவார்.

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்துச்சென்று, வண்டிச் சக்கரத்தின் கறுப்புக் கோடு நிறத்தோடு ஒட்டும் இடத்தில் வையுங்கள். சிறு புள்ளிகள் ஒழுங்கான கோலமாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, அதாவது இயந்திரத்தில் எடுத்த நகல். அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். லித்தோகிராஃபில் சாக்குக் கட்டியால் தேய்த்ததுபோன்ற, ஒழுங்கற்ற குருணைகள் தெரியும். தாளைச் சாய்த்துப் பிடித்தால் உண்மையான பென்சில் கோடு லேசாக மினுங்கும். ஆனால் அது பென்சில் என்பதைத்தான் காட்டுமே தவிர, பிடித்த கை யாருடையது என்பதைக் காட்டாது.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஏமாறுபவர்கள் அதிகம். கையெழுத்தே இல்லாத அசல் லெஜே தாள்களும் உண்டு. தெரியாத் என்ற பதிப்பாளர் 1950இல் வெளியிட்ட ‘சர்க்கஸ்’ தொகுதிக்காக லெஜே தாமே லித்தோகிராஃப்கள் வரைந்தார். 280 படிகளில் அவர் கையெழுத்திட்டது, படி எண்ணைக் குறிக்கும் பக்கத்தில் மட்டுமே. தொகுதியைப் பிரித்துத் தனித்தனியாக விற்கும்போது, தாள் அசலாக இருந்தும் பெயர் இருக்காது. அந்த வெறுமையான ஓரத்தைத்தான் சிலர் பென்சிலால் நிரப்புகிறார்கள். அதாவது அசல் தாளையே போலிக் கையெழுத்தால் கெடுக்கிறார்கள். எனவே கையெழுத்து இல்லை என்று ஒரு தாளை ஒதுக்கவும் வேண்டாம், இருக்கிறது என்று மயங்கவும் வேண்டாம்.

சான்றிதழைப் பற்றிச் சொல்லப்போனால் எனக்குப் பொறுமை போய்விடும். முடி திருத்தும் கடை திறக்கவே தகுதிச் சான்று கேட்கும் இந்த நாட்டில், கலை நிபுணர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள எந்தத் தகுதியும் சட்டப்படி தேவையில்லை. விற்பவரே அச்சடித்து, விற்பவரே ஒப்பமிட்டுத் தரும் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? தரகர் ஒருவர் குறுக்கே வந்து, “நிபுணரிடம் நான் சொல்லி வாங்கித் தருகிறேன்” என்று தனிக் கட்டணம் கேட்டால் உடனே விலகுங்கள். புகழ்பெற்ற கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம் வாங்கிவைத்திருந்த லெஜே ஓவியமே போலி என்று 2014இல் துணியின் வயதைக் காட்டும் கதிரியக்கக் கார்பன் சோதனையில் தெரியவந்தது. அந்தத் துணிக்கான பருத்தியே லெஜே இறந்த பிறகுதான் விளைந்திருந்தது. உங்கள் தாளுக்கு அந்தச் சோதனை தேவையில்லை, யாராவது பரிந்துரைத்தாலும் செலவழிக்காதீர்கள்.

சான்றிதழுக்குப் பதிலாக ரசீதைக் கேளுங்கள். 1981 மார்ச் 3ஆம் தேதியிட்ட அரசாணைப்படி, வாங்குபவர் கேட்டால் பொருளின் தன்மை, தோற்றம், காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ரசீது தர விற்பவர் கடமைப்பட்டவர். அதில் ‘லெஜேயின் லித்தோகிராஃப்’ என்று நேராக எழுதினால் அவர் பொறுப்பேற்கிறார். பெயருக்கு முன்னால் ‘தப்ரே’ என்று சேர்த்திருந்தால், லெஜேயைப் பார்த்து வேறொருவர் செய்தது என்றுதான் பொருள். அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வாயால் ஒன்று சொல்லி, ரசீதில் இந்தச் சிறு சொல்லைச் செருகுவது அன்றாடம் நடக்கிறது.

முன்பணத்துக்குத் தந்த சீட்டையும் எடுத்துப் பாருங்கள். ‘அகோந்த்’ (விலையின் முதல் தவணை) என்று எழுதியிருந்தால் வாங்கியே ஆக வேண்டும் என்று கடைக்காரர் வாதிடலாம். எதுவும் எழுதாவிட்டால் நுகர்வோர் சட்டம் அதை ‘ஆர்’ (இழந்துவிட்டு விலகக்கூடிய முன்பணம்) என்றே கொள்ளும். 150 யூரோவை விட்டுக்கொடுத்து நீங்கள் விலகலாம். அதற்கு முன், அசல் என்று சொன்னதை ரசீதில் எழுத அவர் மறுத்தால், அந்த மறுப்பையே காரணம் காட்டிப் பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்.