பேராசிரியர் வேலையும் மேலூர் அப்பத்தாவும்

தங்கச்சி, உசிலம்பட்டியிலிருந்து அமெரிக்கா வந்து மூணு மாசம், குழந்தை வளர்ச்சி உளவியலில் பிஎச்டி, "முடிச்சா பேராசிரியர் ஆயிரலாமாக்கா?"ன்னு கேட்டிருக்க. ஆகலாம். வருசத்தை மட்டும் எண்ணிக்கோ. பிஎச்டிக்கு 5, 6 வருசம், அதுக்கப்புறம் போஸ்ட்டாக்னு தற்காலிக ஆய்வு வேலை 2, 3 வருசம், உதவிப் பேராசிரியரா சேர்ந்தா 6-வது வருசம் வாக்கில்தான் வேலை நிரந்தரமான்னு தெரியும்.

உதவித்தொகை 9 மாசத்துக்கா 12 மாசத்துக்கான்னு இன்னைக்கே விசாரி. எனக்கு 9 மாசந்தான்னு முதல் கோடையில்தான் தெரிஞ்சது. ஜூன், ஜூலை முழுக்க ரசஞ்சோறு.

கூடத் தங்கியிருக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைக கட்டுரையாப் போட்டுத் தள்ளுதுகன்னு மனசை விட்றாத. நம்ம வேலையில் ஆய்வுக்கு வர்ற பச்சப்பிள்ளை தூங்கி எந்திரிச்சு, பால் குடிச்சு, சிரிச்ச முகமா வரணும். அழுதா அன்னைக்குத் தரவு கிடையாது.

உன் பலம் ஊர்ல இருக்கு. மேற்கத்திய, வசதியான ஆட்களை வச்சே மனுசப் புத்தியை அளக்குறாங்கன்னு ஹென்ரிக், ஹைன், நோரன்சயான்னு மூணு ஆய்வாளர்கள் 2010-லயே போட்டு உடைச்சாங்க. ஆனா ஊருக்குப் போனாலே ஆய்வாயிராது. நான் மூணாவது வருசம் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கேள்வித்தாளோட போனேன். "குழந்தை தன் அறையில் தனியாகத் தூங்குமா?"ன்னு வாசிச்சேன். ஒரு அப்பத்தா, "ஆத்தி, எங்களுக்கே அறை இல்ல, இதுக்குத் தனியா வேறயா!"ன்னு சிரிச்சுச்சு. தொட்டிலை ஆட்டுறது அம்மாவா, சித்தியா, அக்காவான்னு எழுத என் தாளில் இடமே இல்ல. ஒப்புதல் படிவத்தை நீட்டுனா, குழு லோன் பேப்பர்னு பயந்து யாரும் கையெழுத்துப் போடல. வாய்மொழி ஒப்புதலுக்கு நெறிமுறைக் குழுகிட்ட மறுபடி அனுமதி வாங்க நாலு மாசம். அந்தப் பயணமே வீணாப் போச்சு.

தாய்-சேய் பாசத்தை ஆராய்ஞ்ச உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த்னா, தாய் வெளிய போய்த் திரும்புறப்போ குழந்தை என்ன செய்யுதுன்னு அவங்க பார்த்த அமெரிக்காவின் பால்டிமோர் ஆய்வக அறையைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. அந்தம்மா அதுக்கு முன்னாடியே, 1950-களில், கணவர் வேலைக்காகப் போன உகாண்டாவில் 26 குடும்பங்களை வீடு வீடாப் போய்க் கவனிச்சவங்க. நீயும் முதல் தடவை தாளைத் தூக்கிட்டுப் போகாத, சும்மா திண்ணையில் உட்காரு. அடுத்த வருசம் நானும் அப்படித்தான் போனேன். வேலை நேர்காணலில் ஆய்வகத்தைப் பத்தி ஒரே கேள்வி, மிச்ச நேரமெல்லாம் மேலூர்தான்.

இன்னொண்ணு. பட்டத்தோட ஊருக்குப் போனா, பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. நம்ம பட்டம் வைத்தியத்துக்கு ஆகாது. பெரியாஸ்பத்திரிக்குக் கைகாட்டு, முடிஞ்சா கூடவே போ.