ஒல்லிக் கார்டுக்கு ஏன் இத்தனை மவுசு? – கைவினை கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்லிம்லைன் என்கிற ஒல்லி வாழ்த்து அட்டையைப் பற்றித்தான். அதனால் பசை காயவில்லை, பஞ்ச் மழுங்கிவிட்டது வகையறாக் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, கையால் கார்டு செய்கிற எல்லாரும் இப்போது நீளமாக, ஒல்லியாகச் செய்கிறார்கள். திடீரென்று எங்கிருந்து வந்தது இந்த மோகம்?

பதில்: 'திடீரென்று' என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1950-களிலேயே அமெரிக்காவில் 'ஸ்டூடியோ கார்டு' என்று ஒன்று சக்கைப்போடு போட்டது. உயரமாக, குறுகலாக இருக்கும். முன்பக்கம் ஒரு கேலிப்படம், திறந்தால் உள்ளே நக்கலாக ஒரு வரி. கடையில் விற்ற அந்த வடிவத்தைக் கைவேலைக்காரர்கள் கொண்டாட ஆரம்பித்தது 2019, 2020 வாக்கில். டை (தாளை உருவமாக வெட்டும் உலோக அச்சு), ஸ்டாம்ப், ஸ்டென்சில் தயாரிப்பவர்கள் வரிசையாக அந்த அளவில் பொருள்களை இறக்கினார்கள். கருவி வந்தால் கை சும்மா இருக்குமா?

ஆனால் கருவி மட்டும் காரணம் என்றால் அது ஒரு சீசனோடு போயிருக்கும். நான் பல வருடம் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் பகுதியில் இருந்தவள். என் கண்ணுக்கு முதலில் தெரிகிற காரணம் கவர். புது வடிவத்தில் கார்டு செய்தால் அதற்குக் கவர் தேடி அலைய வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. அலுவலகக் கடிதம் போகிற நீளக் கவரே போதும். ஏ4 புழங்கும் இடங்களில் அது டிஎல் கவர், 110 × 220 மில்லிமீட்டர். அமெரிக்க அளவில் 10-ஆம் எண் கவர், 4⅛ × 9½ அங்குலம். எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும்.

இரண்டாவது காரணம், பெயரில் 'ஸ்லிம்' இருந்தாலும் இது சின்னக் கார்டு இல்லை. 105 × 148 மில்லிமீட்டர் உள்ள ஏ6 கார்டோடு 99 × 210 ஸ்லிம்லைனைப் பக்கத்தில் வைத்துப் பரப்பளவைக் கணக்குப் போடுங்கள். ஸ்லிம்லைன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஏ6 கார்டில் ஒரு பூவும் ஒரு வாழ்த்தும் வைத்தால் இடம் முடிந்தது. இதில் ஒரு தெருவையே வரையலாம்: வீடுகள், மரம், சைக்கிள், கம்பியில் உட்கார்ந்த காக்கா என்று போய்க்கொண்டே இருக்கலாம். காட்சி அமைப்பதில் ஆசை உள்ளவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நிமிர்த்தி வைத்துப் படம் எடுத்தால் கைபேசித் திரையை அப்படியே நிறைக்கிறது என்பதும் சேர்ந்திருக்கலாம். அது என் ஊகம்.

கேள்வி: வீடியோக்களில் 3½ × 8½ அங்குலம் என்கிறார்கள். என்னிடம் இருப்பது ஏ4 அட்டை. எப்படி வெட்டுவது?

பதில்: அந்த அங்குலக் கணக்கு 8½ × 11 அங்குல அமெரிக்க லெட்டர் தாளுக்கானது. அதில் 7 அங்குலம் வெட்டி நடுவில் மடித்தால் 3½ × 8½ வந்துவிடும். ஏ4-இல் அதே எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஏ4-இன் அகலமே 210 மில்லிமீட்டர்தான். 8½ அங்குலம் என்பது 216. அந்த அகலத்தில் அது வரவே வராது.

ஏ4-க்கு இதைவிட அழகான கணக்கு இருக்கிறது. 297 மில்லிமீட்டர் நீளத்தை மூன்றால் வகுத்தால் சரியாக 99. 198-இல் ஒரு வெட்டு, 99-இல் ஒரு மடிப்புக் கோடு. 99 × 210 கார்டு தயார். மீதி விழுகிற துண்டும் அதே 99 × 210. அதை நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் குறைத்து 93 × 204 ஆக்கினால், முன்பக்கம் ஒட்டுவதற்கான தட்டையும் அதே தாளிலேயே எடுத்துவிடலாம். குப்பைக்குப் போவது சில இழைகள் மட்டும்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, வீடியோக்களில் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. தாளுக்கு இழையோட்டம் என்று ஒன்று இருக்கிறது. இழை ஓடுகிற திசையிலேயே மடித்தால் மடிப்பு வழுவழுவென்று விழும். இழைக்குக் குறுக்கே மடித்தால் விளிம்பு பொரிந்து, வண்ண அட்டை என்றால் உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். உங்கள் ஏ4 அட்டையில் இழை நீளவாக்கில் ஓடினால், மேலே சொன்ன மடிப்பு அதற்குக் குறுக்கே போகும். அட்டையை இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, அந்த வளைவின் முகடு போகிற திசைதான் இழையின் திசை.

இழை நீளவாக்கில் என்று தெரிந்தால் 198-ஐ மறந்துவிடுங்கள். 210-இல் வெட்டி 210 × 210 சதுரமாக எடுத்துக்கொள்ளுங்கள். சதுரத்தை எந்தப் பக்கம் மடித்தாலும் 105 × 210 கார்டுதான் வரும், எனவே இழைக்கு ஏற்ற பக்கம் மடிக்கலாம். டிஎல் கவருக்குள் போகும், ஆனால் அகலத்தில் 5 மில்லிமீட்டர்தான் இடைவெளி. புடைப்பாக எதுவும் ஒட்டாத கார்டுக்கு இது போதும். பூ, முத்து என்று அடுக்கினால் 99-க்கே திரும்புங்கள். அப்போது முனை மழுங்கிய கருவியால் மடிப்புக் கோட்டை அழுத்தமாக ஒருமுறை போட்ட பிறகே மடியுங்கள்.

கேள்வி: நான் வெட்டும் ஒட்டுத் தட்டை எப்போதும் கோணலாகவே தெரிகிறது. சின்னக் கார்டில் இந்தப் பிரச்சினை இல்லையே?

பதில்: சின்னக் கார்டிலும் இருந்திருக்கும், தெரிந்திருக்காது. ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் 210 மில்லிமீட்டர் நீளத்தின் மறுமுனையில் கிட்டத்தட்ட 3.7 மில்லிமீட்டர் விலகிவிடும். நீங்கள் விட்ட ஓரமே 3 மில்லிமீட்டர் என்றால் என்ன ஆகும்? கத்தரிக்கோலை ஓரமாக வையுங்கள். இரும்பு ஸ்கேலும் கட்டர் கத்தியும், அல்லது நல்ல ட்ரிம்மரும் (தாளை நேராக வெட்டும் சின்னக் கருவி) வேண்டும். ஒட்டும்போது இருபக்க டேப்பின் மேல்தாளை முழுக்க உரிக்காமல் நாலு மூலையில் மட்டும் கொஞ்சம் உரித்து, வைத்துப் பார்த்துச் சரிசெய்துவிட்டு மீதியை இழுங்கள். தண்ணீர்ப் பசை வேண்டவே வேண்டாம். நீளமான தட்டை ஈரம் பட்டால் ஓடம் மாதிரி வளைந்துவிடும்.

கேள்வி: ஸ்லிம்லைன் டை, ஸ்லிம்லைன் ஸ்டென்சில் எல்லாம் வாங்கியே ஆக வேண்டுமா? வீட்டில் ஏற்கெனவே ஒரு டப்பா நிறைய டை கிடக்கிறது. இன்னொரு டப்பா வந்தால் வீட்டில் யுத்தம்தான்.

பதில்: யுத்தம் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். முதல் கார்டுகளுக்குக் கட்டாயம் வேண்டாம். இந்த வடிவத்தின் பெரிய சௌகரியமே, பழைய சின்ன டைகளை வரிசையாக வைக்கலாம் என்பதுதான். ஒரு வட்ட டை இருந்தால் மூன்று ஜன்னல் வெட்டுங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரே மரம்: ஒன்றில் துளிர், ஒன்றில் பூ, ஒன்றில் சருகு. மை நிறத்தை மாற்றினால் போதும், ஸ்டாம்ப் ஒன்றுதான். தாளில் புடைப்பு வடிவம் அழுத்துகிற புடைப்பு ஃபோல்டர் சின்னதாக இருந்தால் இரண்டு தடவையாக அழுத்துங்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். வாழ்த்து எழுதிய பட்டையை அதன்மேல் ஒட்டினால் அந்தக் கோடு யாருக்குத் தெரியப் போகிறது?

அப்படியும் மனசு கேட்கவில்லை, ஒன்றாவது வாங்கியே தீருவேன் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, டையின் நீளம். லெட்டர் தாளை மனதில் வைத்துச் செய்த டைகளில் பல 210 மில்லிமீட்டரைத் தொடும், சில தாண்டும். ஏ4-இல் செய்த கார்டின் நீளமே 210. ஓரம் விட வேண்டும் என்றால் டை 206-க்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது, டையை வைத்து அழுத்தி வெட்டும் உங்கள் இயந்திரத்தின் வாய். 6 அங்குல வாய் என்றால் டையை நீளவாக்கில் நுழைத்துவிடலாம். கைக்கு அடக்கமான குட்டி இயந்திரங்களில் 3 அங்குலம் கூட இல்லாதவை உண்டு. அதில் இது நுழையாது. விற்கிறவர்கள் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

கேள்வி: இடம் அதிகம் என்கிறீர்கள். எனக்கு அதுதான் பயமே. நடுவில் ஒரு பூவை ஒட்டிவிட்டு, மேலேயும் கீழேயும் வெறுமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதில்: நடுவில் ஒட்டுவதை முதலில் நிறுத்துங்கள். சதுரக் கார்டுக்கு நடு என்று ஒன்று உண்டு. நீளக் கார்டில் கண் நடுவில் நிற்காது, ஓடும். அது ஓடுவதற்குத் தடம் போட்டுக் கொடுப்பதுதான் நம் வேலை.

நிமிர்ந்த கார்டு என்றால், உயரம் எதற்கு இயல்போ அதை எடுங்கள். நீளத் தண்டுள்ள பூ, பறக்கிற பலூன், விளக்குக் கம்பம், ஒட்டகச்சிவிங்கி. வேர் கீழே, பூ மேலே, வாழ்த்து கீழ்மூன்றில் ஒரு பங்கில். படுத்த கார்டு என்றால் முதலில் தொடுவானக் கோடு. அதை நட்டநடுவில் போடாமல் கீழே இறக்குங்கள். வானத்துக்கு ஒரே மையை இந்த முனையில் அழுத்தமாகவும் அந்த முனையில் லேசாகவும் தேய்த்துக்கொண்டே போங்கள். சாயங்காலம் தானாக வந்துவிடும். அப்புறம் ஒரே ஒரு பறவை வைத்தாலும் நிறைந்திருக்கும்.

வெறுமையைப் பார்த்துப் பயந்து மினுமினுப்பைக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. வெற்றிடத்தில் கொஞ்சம் நிறத் தெளிப்பு போதும். அதுவும் வேண்டாம் என்று தோன்றினால் சும்மா விடுங்கள்.

கேள்வி: அலமாரியில் வைத்தால் நிற்காமல் முகம் குப்புற விழுகிறது.

பதில்: காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்: அட்டை மெலிசு, அல்லது பாரம் முழுவதும் மேலே. 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை உள்ள அட்டை எடுங்கள். ஃபோம் டேப் (தடித்த பஞ்சு டேப்) வைத்துத் தூக்கிய பூங்கொத்தைக் கீழ்ப்பாதிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் முடியாது என்றால் கார்டைப் படுக்கவைத்து, மேலே மடிப்பு வருகிற மாதிரி செய்யுங்கள். 210 மில்லிமீட்டர் அடித்தளத்தில் கூடாரமாக உட்காரும்.

கேள்வி: தபாலில் அனுப்பினால் போய்ச் சேருமா? சதுரக் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பதில்: சதுரத்துக்குக் கேட்பது உண்மைதான். உதாரணத்துக்கு அமெரிக்க அஞ்சல் விதியில், கவரின் நீளத்தை உயரத்தால் வகுத்தால் 1.3-க்கும் 2.5-க்கும் இடையில் வர வேண்டும். அதற்கு வெளியே போனால் இயந்திரத்தில் ஓடாத தபால் என்று கூடுதல் கட்டணம். டிஎல் கவருக்கு 2 வருகிறது, 10-ஆம் எண் கவருக்குச் சுமார் 2.3. இரண்டும் தப்பித்தன. ஆனால் முகவரியைக் கவரின் நீளவாக்கில்தான் எழுத வேண்டும். கார்டு நிமிர்ந்த கார்டு என்பதற்காகக் கவரையும் நிமிர்த்தி வைத்து எழுதினால் நீளம் உயரமாகவும் உயரம் நீளமாகவும் கணக்காகி, விகிதம் கெட்டுவிடும். பொத்தான், கெட்டி முடிச்சு எல்லாம் நேரில் கொடுக்கும் கார்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் ஊர் அஞ்சல் நிலையத்தில் கனம், எடை இரண்டையும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

கவரையும் கையால் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏ4 தாளில் டிஎல் கவர் வராது, முயன்று தாளை வீணாக்க வேண்டாம். 25 சென்டிமீட்டர் சதுரமாவது வேண்டும். 12 அங்குல அலங்காரத் தாள் தாராளம்.

கேள்வி: மினி ஸ்லிம்லைன் என்று இப்போது ஒன்று சொல்கிறார்களே?

பதில்: அதே அகலம், நீளம் மட்டும் 6 அங்குலம் வாக்கில். முழு நீளத்தைப் பார்த்து மிரள்கிறவர்களுக்கு நல்ல சமரசம். எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. அதற்குச் சாதாரணக் கார்டே செய்துவிடலாமே.

கேள்வி: பணம் வைத்துக் கொடுக்கிற கார்டாக இதைச் செய்யலாமா?

பதில்: இந்த வடிவம் அதிகம் உதவுவதே அங்கேதான். ரூபாய் நோட்டை மடிக்காமல் வைக்கலாம். உள்பக்கம் வலது பாதியில் 93 மில்லிமீட்டர் அகலமும் 80 உயரமும் உள்ள துண்டை எடுத்து, கீழேயும் இரு பக்கமும் மட்டும் மெல்லிய டேப்பால் ஒட்டுங்கள். பை தயார். மேல் விளிம்பின் நடுவில் அரைவட்டமாகக் கொஞ்சம் வெட்டிவிட்டால் விரல் விட்டு எடுக்க வசதி. நோட்டு மேலே நீட்டிக்கொண்டு தெரியும், தெரியட்டும். கார்டைத் திறந்ததும் கையெழுத்தைப் படிக்காமல் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதனால் வாழ்த்தை இடது பக்கம் பெரிதாகவே எழுதுங்கள்.