குடிநீர் ஏரியில் கரைந்த ஆக்ஸிஜன் கூடுதலாக இருந்தால் நீர் நல்லது என்று கொள்ளலாமா?

குடிநீருக்காக நீர் எடுக்கும் ஏரிகளிலும் அணைகளிலும் கரைந்த ஆக்ஸிஜனை ஏன் அளக்கிறார்கள், அந்த அளவு கூடுதலாக இருந்தால் நீர் தூயது என்று பொருளா, வீட்டுக் குழாய் நீரிலும் அதை அளக்க வேண்டுமா என்பவை கேள்வி. நீர் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிஜன் குறைந்திருந்தால் ஏரியில் ஏதோ கோளாறு என்று உறுதியாகக் கொள்ளலாம். கூடுதலாக இருந்தால் கோளாறு இல்லை என்று கொள்ள முடியாது. எந்த நேரத்தில், எந்த ஆழத்தில், எந்த வெப்பநிலையில் எடுத்தது என்று குறிப்பிடாத அளவை நான் பொருட்படுத்துவதே இல்லை.

நீரால் கொள்ள முடிந்த ஆக்ஸிஜனே மிகச் சொற்பம். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்க, அதே காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு லிட்டர் நன்னீரில் 20 டிகிரி செல்சியஸில் 9.1 மில்லிகிராமும், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம் அளவும்தான் கரையும். நீர் சூடாகச் சூடாக இந்த இருப்பு குறைகிறது. அழுகும் பொருளைத் தின்னும் பாக்டீரியாக்களின் மூச்சோ அதே சூட்டில் வேகமெடுக்கிறது. ஆகவே வெப்ப நாட்டு ஏரிக்கு வரவும் குறைவு, செலவும் மிகுதி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நீர் வகைப்பாட்டில், கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்க 'ஏ' வகை நீருக்கு லிட்டருக்கு 6 மில்லிகிராமும், வழக்கமான சுத்திகரிப்புக்குப் பின் குடிக்கத்தக்க 'சி' வகை நீருக்கு 4 மில்லிகிராமும் குறைந்த அளவாக வைக்கப்பட்டுள்ளன. இவை மூல நீருக்கான, அதாவது சுத்திகரிக்கும் முன் உள்ள நீருக்கான அளவுகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் சிக்கல் நேரம் சார்ந்தது. கழிவுநீரின் சத்தை உண்டு பச்சைப்பாசி தழைத்த ஒரு ஏரியில், பிற்பகல் மூன்று மணிக்கு மேல்மட்ட நீரை எடுத்தால் 12 மில்லிகிராம் வரைகூடக் காணலாம். ஒளிச்சேர்க்கையால் பாசி வெளிவிடும் ஆக்ஸிஜன் காற்றுக்குள் தப்பிச் செல்லும் வேகத்தைவிட விரைவாகச் சேர்வதால் வரும் மிகைநிறைவு அது, அதாவது நீர் வழக்கமாகக் கொள்ளும் அளவையும் மீறிய இருப்பு. அறிக்கையில் அந்த எண் அழகாகத்தான் தெரியும். இரவு முழுவதும் அதே பாசியும் பாக்டீரியாவும் சுவாசித்த பின், விடியலுக்குச் சற்று முன்பு அதே இடத்தில் எடுத்தால் 2 மில்லிகிராம்கூடத் தேறாமல் போகலாம். அலுவலக நேரத்தில் மட்டும் மாதிரி எடுக்கும் வழக்கம் இந்த ஏரிகளுக்குத் தகுதியில்லாத நற்சான்று கொடுத்துவிடுகிறது என்பது என் நெடுநாளைய மனக்குறை.

ஏரியில் வலை போடுபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகறையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்று என்ன நடக்கும் என்று அவர்கள் அறிவார்கள். 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோதும் கழிவுநீர் கலப்பும் ஆக்ஸிஜன் குறைவுமே காரணமாகப் பேசப்பட்டன. இத்தகைய இடங்களில் எவை செத்தன, எவை பிழைத்தன என்று நான் முதலில் பார்ப்பேன். கெண்டை இனங்கள் மடிந்து, காற்றை நேரடியாக உறிஞ்சவல்ல விராலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் உயிரோடு இருந்தால் ஆக்ஸிஜன் பற்றாக்குறை என்றே ஐயுறுவேன். அவையும் சேர்ந்து மடிந்தால் நஞ்சைத் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது சிக்கல் ஆழம். வெயிலில் சூடேறிய நீர் இலேசாகி மேலே நிற்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுவதால் ஏரி இரண்டு அடுக்காகிறது. குளிர்நாடுகளில்தான் இது நிகழும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், நீர் 29 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறும்போது குறையும் அடர்த்தி, 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு ஏறும்போது குறைவதைப் போல முப்பது மடங்குக்கும் மேல். ஆகவே நம் ஊர் வெப்பத்தில் மேலுக்கும் கீழுக்கும் ஓரிரு டிகிரி வேறுபாடு இருந்தாலே அடுக்கு நிலைத்துவிடும். முழுக் கொள்ளளவில் 24 அடியே ஆழமுள்ள செம்பரம்பாக்கம் போன்ற ஏரியில் அந்த அடுக்கைக் காற்றும் இரவுக் குளிரும் அடிக்கடி கலைத்துவிடும். மேட்டூர் போல 120 அடி வரை நீர் நிற்கும் அணையில் அவ்வளவு எளிதாகக் கலையாது. அடுக்கு நீடிக்கும் வரை கீழே உள்ள நீருக்கு மேலிருந்து ஆக்ஸிஜன் வராது. மேலிருந்து செத்த பாசி மட்டும் தொடர்ந்து வந்து விழும்.

குடிநீர் வழங்குபவருக்கு உண்மையான தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. அடிநீரில் ஆக்ஸிஜன் தீர்ந்த பின்னும் பாக்டீரியாக்கள் ஓய்வதில்லை. முதலில் நைட்ரேட்டையும், பிறகு மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகளையும், அதன்பின் சல்பேட்டையும் ஆக்ஸிஜனுக்கு மாற்றாகப் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. கடைசியில் மீத்தேன் உண்டாகிறது. அதுவரை சேற்றில் திடப்பொருளாகக் கிடந்த இரும்பும் மாங்கனீசும் கரைந்து நீருக்குள் வருகின்றன, சல்பேட் ஹைட்ரஜன் சல்பைடாகி அழுகிய முட்டை நாற்றம் தருகிறது, அம்மோனியாவும் சேர்கிறது. இவற்றோடு, இரும்போடு பிணைந்து சேற்றில் அடங்கியிருந்த பாஸ்பரசும் விடுபடுகிறது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஆய்வு செய்த கிளிஃபோர்ட் மார்ட்டிமர் 1941, 1942ஆம் ஆண்டுகளிலேயே இந்தச் சேறு–நீர் பரிமாற்றத்தை விரிவாக விளக்கிவிட்டார். விடுபட்ட பாஸ்பரஸ் மேலே வந்தால் மீண்டும் பாசி, அந்தப் பாசி செத்து விழுந்தால் மீண்டும் ஆக்ஸிஜன் பற்றாக்குறை என்று சுழல்கிறது. கழிவுநீரை முற்றிலும் நிறுத்திய பின்னும் சில ஏரிகள் பல ஆண்டுகள் பச்சையாகவே கிடப்பதற்கு இந்தப் பழைய இருப்பு ஒரு முக்கியக் காரணம்.

இவற்றுள் சுத்திகரிப்பு நிலையத்தை அதிகம் ஏய்ப்பது மாங்கனீசு. இரும்பு, அமிலமும் காரமும் மிகாத நடுநிலை நீரில் காற்று பட்டாலே துருவாகி வடிகட்டியில் நின்றுவிடும். மாங்கனீசு அப்படியன்று, காற்றோட்டம் கொடுத்தாலும் அதன் பெரும்பகுதி கரைந்தபடியே மணல் வடிகட்டியைக் கடந்துவிடும். பின்னர் குழாயிலும் வீட்டு மேல்நிலைத் தொட்டியிலும் குளோரினோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து கறுப்புப் படிவாகும். வெளுத்த துணியில் கருந்திட்டு விழுகிறது என்று புகார் வரும்போது, நிலையத்தை விட்டு வெளியேறிய நீர் கண்ணாடிபோல் இருந்ததாக அதை இயக்குபவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். மாங்கனீசை வடிகட்டிக்கு முன்பே திடப்பொருளாக்கிவிடவே பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை அளந்து சேர்க்கிறார்கள். அம்மோனியா தரும் தொல்லை வேறு வகை: அம்மோனியாவில் உள்ள ஒரு பங்கு நைட்ரஜனைத் தீர்க்க எட்டு முதல் பத்து பங்கு குளோரின் செலவாகும். பாசி மிகுந்த நீரில் அவ்வளவு குளோரினைக் கொட்டினால் டிரைஹாலோமீத்தேன்கள் என்னும் வேண்டாத துணைவிளைபொருள்கள் உருவாகும். சில நீலப்பச்சைப் பாசிகள் வெளியிடும் ஜியோஸ்மின் என்னும் பொருளோ, லிட்டருக்குப் பத்து நானோகிராம் அளவிலேயே மண்வாடையாக மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அளக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹங்கேரி நாட்டு வேதியியலர் லாயோஷ் விங்க்ளர் 1888இல் வகுத்த முறையே இன்றும் மற்றக் கருவிகளைச் சரிபார்க்க உதவுகிறது. குமிழி நுழையாமல் நிரப்பிய புட்டியில் மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடு கரைசலையும் சேர்த்தால், ஆக்ஸிஜன் இருக்கும் நீரில் பழுப்பு வீழ்படிவு இறங்கும். வெண்மையாகவே நின்றால் ஆக்ஸிஜன் இல்லை என்று படகிலேயே தெரிந்துவிடும். இந்தக் கரைசல்களைப் படகிலேயே சேர்த்துவிட வேண்டும். சேர்க்காமல் புட்டியைக் குலுக்கிக்கொண்டு ஆய்வுக்கூடம் வரை கொண்டுவந்தால், அளப்பது ஏரியின் ஆக்ஸிஜனை அன்று, பயணத்தில் சேர்ந்ததை.

தீர்வுகளில் மலிவானது, நீர் எடுக்கும் கோபுரத்தில் பல உயரங்களில் மதகுகள் வைத்து, அன்றைய நிலைக்கு ஏற்ற ஆழத்திலிருந்து எடுப்பது. மேலே பாசி, கீழே மாங்கனீசு என்றால் இடைப்பட்ட ஆழம் கைகொடுக்கும். கோடையில் நீர் வற்றும்போது அந்த வாய்ப்பும் சுருங்கிவிடும். அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விட்டு ஏரி முழுவதையும் கலக்குவது இன்னொரு வழி. கலிபோர்னியாவின் கமாஞ்சி நீர்த்தேக்கத்தில் 1993 முதல் செய்வதுபோல், அடுக்கைக் கலைக்காமல் அடிநீரில் மட்டும் தூய ஆக்ஸிஜனைக் கரைப்பதும் உண்டு. கரையோரம் நாலைந்து செயற்கை நீரூற்றுகளை நிறுவி ஏரிக்கு உயிர்கொடுத்துவிட்டதாக அறிவிப்பதை நான் நம்புவதில்லை. அவை மேல்மட்டத்தை மட்டும் அலைக்கின்றன, ஆக்ஸிஜன் தேவைப்படுவதோ சேற்றுக்கு அருகில். ஆகாயத்தாமரையை அகற்றுவது நல்லதே, ஏனெனில் அந்தப் பாய் ஒளியையும் காற்றையும் ஒருசேரத் தடுக்கிறது. ஆனால் அதை வளர்த்த சாக்கடை வந்துகொண்டிருக்கும்வரை அகற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

கடைசியாக, வீட்டுக் குழாய் நீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கத் தேவையில்லை. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இல் அதற்கு வரம்பே இல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் உடல்நலம் சார்ந்த வழிகாட்டு அளவு எதையும் அதற்குப் பரிந்துரைக்கவில்லை. காய்ச்சி ஆறவைத்த நீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு, அதனால் யாருக்கும் தீங்கில்லை. ஆக்ஸிஜன் ஏற்றிய நீர் என்று விலை கூட்டி விற்கும் புட்டிகளைப் பற்றியும் கேட்பார்கள்: ஒரே ஒரு மூச்சில் உள்ளே இழுக்கும் காற்றில் நூறு மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் இருக்கிறது, நமக்குச் செவுள்களும் இல்லை. குழாய் நீரில் எதையேனும் பார்க்க விரும்பினால் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் அடியில் கறுப்புப் படிவு இருந்தால் மாங்கனீசுப் பரிசோதனைக்கு ஒரு மாதிரி கொடுங்கள்.