பழைய பிக்கப்பை வீட்டிலேயே சரிசெய்கிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

வாகனப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறோம். ஊர் பெயர் மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: அப்பா 1991-ல் வாங்கிய டாடா மொபைல் பிக்கப் தோட்டத்துக் கொட்டகையில் பல வருஷமாக நிற்கிறது. அவர் தவறிவிட்டார், ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான். நானும் தம்பியும் வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய ஆசைப்படுகிறோம். முதலில் எதில் கை வைப்பது? (தாராபுரம்)

முதலில் ஆர்சி புத்தகத்தில் கை வையுங்கள். ஸ்பேனர் அப்புறம். இன்ஜினைப் பிரித்து, டிங்கரிங் முடித்து, பெயின்ட் அடித்து, கையில் இருந்த பணமெல்லாம் கரைந்த பிறகு ஆர்டிஓ ஆபீஸ் போய், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நம்பர் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை என்று தெரிந்து தலையில் கை வைத்து உட்காருகிறவர்கள் நிறைய பேர். வண்டியில் அந்த நம்பர் அடித்திருக்கும் இடத்தை கம்பி பிரஷ் போட்டு மெதுவாகத் தேய்த்து, தாளை வைத்து பென்சிலால் உரசி ஒரு பிரதி எடுங்கள். கிரைண்டர் போட்டுவிடாதீர்கள், எழுத்து தேய்ந்தால் வண்டியே அடையாளம் இழந்துவிடும். இன்ஜின் நம்பரையும் அப்படியே பாருங்கள்.

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டியிருப்பீர்கள், அதனால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாவற்றோடும் நேரில் போய் வரி பாக்கி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று கேட்டு, முடிந்தால் எழுதி வாங்குங்கள். சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் எஃப்சி (ஓடத் தகுதியானது என்ற சான்று) இல்லாத வண்டியை முறையாகப் பதிவான வண்டியாகவே சட்டம் கருதுவதில்லை. இந்தத் தொகையெல்லாம் தெரிந்த பிறகுதான் வேலையில் இறங்கலாமா என்றே முடிவெடுக்க முடியும்.

சரி, பேப்பர் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியைத் தூக்கும்போது ஹாலோ பிளாக் மேல் நிறுத்தாதீர்கள். அது விரிசல் விட்டுப் பொடிந்தால் கீழே படுத்திருப்பவர் கதி அவ்வளவுதான், இரும்பு ஸ்டாண்ட் நான்கு வாங்கிவிடுங்கள். சேசிஸ் முழுக்க சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், உள்ளே துரு தின்ற இடத்தில் சத்தம் அமுங்கிப்போகும். பட்டை ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றியும், கேபினுக்குப் பின்னால் மண் தேங்கும் இடத்திலும் அதிகமாகத் தட்டுங்கள். கதவின் அடிப்பகுதியிலும் மட்கார்டிலும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே இரும்பு இல்லை, யாரோ எப்போதோ அப்பிய பட்டிதான் இருக்கிறது.

நின்றுபோன டீசல் இன்ஜினை உடனே செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, ஓரிரு நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள், மறுபடியும் ஊறட்டும். டேங்கில் இருக்கும் பழைய டீசலை வடித்துவிட்டு டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும், பம்பையும் இன்ஜெக்டரையும் டீசல் பம்ப் கடையில் கொடுத்து டெஸ்ட் பெஞ்சில் பார்க்கச் சொல்லுங்கள், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. பிரேக்கில் மட்டும் பழசு எதையும் மிச்சம் வைக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர், ஹோஸ் மூன்றையும் புதிதாகவே போடுங்கள். டயரில் பட்டன் நன்றாகத் தெரிகிறதே என்று விட்டுவிடவும் வேண்டாம், பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2309 என்றால் 2009-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. அவ்வளவு பழைய டயரில் சுமையேற்றி ஓட்டுவது தற்கொலை.

பாகத்துக்கு சென்னை புதுப்பேட்டையோ கோவை உக்கடமோ போகும்போது டாடா சியரா, எஸ்டேட் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். அந்த இரண்டும் இந்தப் பிக்கப்பை அடிப்படையாக வைத்து வந்தவை. இன்ஜினே மாற்றுவதாக இருந்தால் அதே வகை, அதே எரிபொருள் இன்ஜினாகப் பார்த்து, பில்லும் அது இருந்த வண்டியின் ஆர்சி நகலும் இல்லாமல் வாங்காதீர்கள், புது நம்பரை ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்றுங்கள். புத்தகத்தில் ஒரு நம்பர், வண்டியில் வேறு நம்பர் என்றால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பணம் தராமல் இருக்க அதுவே போதும்.

கேள்வி: என் பழைய பிக்கப்புக்கு இன்ஜின், பெயின்ட், பாடி எல்லாம் சேர்த்து நிறையச் செலவு செய்தேன். ஆனால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வண்டி மதிப்பாக அடிமாட்டு விலை போடுகிறார். பழைய வண்டிக்கு இதற்கு மேல் வராது என்கிறார். உண்மையா? (திண்டுக்கல்)

உண்மை இல்லை. ஐடிவி என்கிற அந்த மதிப்புக்கு வருஷவாரியாகக் கழிக்கும் பட்டியல் ஐந்து வயது வரைக்கும்தான். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கும், கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடலுக்கும், உரிமையாளரும் இன்சூரன்ஸ் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான் ஐடிவி. பேச வேண்டும் என்பதுதான் விஷயம், பேசாவிட்டால் கம்ப்யூட்டர் காட்டுகிற எண்ணைப் போட்டுவிடுவார்கள். வேலைக்கு முன், வேலை நடக்கும்போது, முடிந்த பின் எடுத்த படங்கள், ஜிஎஸ்டி பில்கள், இவற்றோடு உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கிக்கொண்டு கிளை அலுவலகத்துக்கே போங்கள். செலவழித்த தொகை முழுவதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதைவிட அந்த வண்டி இன்று என்ன விலைக்குப் போகும் என்பதைத்தான் பார்ப்பார்கள். பிரீமியமும் கூடும். ஆனாலும் வண்டி திருடு போனாலோ எரிந்துபோனாலோ கைக்கு வருவது அந்த ஐடிவியை வைத்துத்தான் என்பதால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னொன்றை ஏஜென்ட்கள் பெரும்பாலும் சொல்வதில்லை, எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். சரக்கு வண்டி பாலிசியில் பானட், மட்கார்டு, பம்பர், ஹெட்லைட், டயர், பெயின்ட் இதெல்லாம் சாதாரணமாக அடங்காது, வண்டி மொத்தமாகச் சேதமானால்தான் உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டி ஐஎம்டி 23 என்கிற சேர்க்கையைப் போட்டால்தான் அவற்றுக்கும் இழப்பீடு வரும். பழைய வண்டியைப் புதுப்பித்தவர் அதிகம் செலவு செய்திருப்பதே பானட்டிலும் பெயின்ட்டிலும்தானே? பாலிசித் தாளில் அந்த எண் அச்சாகியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

அப்புறம் தேய்மானக் கணக்கு. பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகத்தில் பாதி கழிப்பார்கள், ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கும் பாதி. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. ஒரு விபத்தில் இரும்பு 40,000, ரப்பர் பிளாஸ்டிக் 10,000, கண்ணாடி 8,000, கூலி 20,000 என்று 78,000 ரூபாய் பில் வந்தால், 20,000, 5,000, 8,000, 20,000 என்று 53,000 தான் தேறும். அதிலும் பாலிசியில் போட்டிருக்கும் கட்டாயப் பிடித்தம் போகும்.

கேள்வி: குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது பிக்கப் பின்னால் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகலாமா? இன்சூரன்ஸ் புதிதாகப் போட்டாயிற்று. (உசிலம்பட்டி)

வேண்டாம். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1994-ல் வந்த திருத்தம் சரக்கின் சொந்தக்காரரையோ அவர் அனுப்பும் ஆளையோ மட்டும்தான் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது, அதாவது தக்காளிக் கூடையோடு வருகிற விவசாயி. பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு ஏதாவது ஆனால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும், நிலத்தை விற்றுக்கூடக் கட்ட வேண்டி வரலாம். அன்றைக்கு மட்டும் ஒரு வேன் பேசிவிடுங்கள்.

கேள்வி: 1972 மகேந்திரா ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன், பின்பக்கத்தை வெட்டி பிக்கப் மாதிரி செய்திருக்கிறார்கள். விண்டேஜ் நம்பர் வாங்கினால் இன்சூரன்ஸ் குறையுமா? (பொள்ளாச்சி)

குறையும், விண்டேஜ் என்று பதிவான சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 50 சதவீதச் சலுகையை 2022 அறிவிப்பில் கொடுத்தார்கள். ஆனால் 2021-ல் வந்த விண்டேஜ் விதி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, சேசிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர வாகனங்களுக்கும் பயணிகள் வகை நாலுசக்கர வண்டிகளுக்கும்தான். வெட்டிய ஜீப் அங்கேயே தட்டிப்போகும். பழைய பாடியை மறுபடி கட்டி விண்ணப்பித்தால் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்கு ‘விஏ’ எழுத்தோடு நம்பர் வரும், அப்புறம் புதுப்பிக்க 5,000. அந்த நம்பரோடு கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் தோட்டத்துக்கு ஓட்ட நினைத்தால் விண்டேஜ் பக்கமே போகாதீர்கள், சாதாரண ஆர்சியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதே உங்களுக்கு நல்லது.

கேள்வி: வேலை முடியும் வரை இன்சூரன்ஸ் தேவையா? சும்மா தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கத்தானே? (நாமக்கல்)

கொட்டகைக்குள் நிற்கும் வரை மூன்றாம் நபர் பாலிசி கட்டாயமில்லை. தெருவில் சக்கரம் இறங்கிய நிமிஷம் கட்டாயம், முதல்முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதச் சிறையோ இரண்டுமோ, அடுத்த முறை அபராதம் 4,000. ஓட்டிப் பார்க்கத் தோட்டத்துக்குள் இடம் இருந்தால் அங்கேயே ஓட்டுங்கள், லேத்துக்குக் கொண்டுபோக வேறு வண்டியில் ஏற்றுங்கள். ஓடாமல் நிற்கும் வண்டிக்குத் தீ, திருட்டு இரண்டுக்கு மட்டும் பாலிசி போடும் வழி உண்டு, வெல்டிங் வேலை நடக்கும் கொட்டகைக்கு அது நல்ல ஏற்பாடு, கிளையில் கேளுங்கள். பாலிசி விட்டுப்போன வண்டி என்றால் ஆள் வந்து பார்த்துப் படம் எடுத்த பிறகுதான் புதிது கொடுப்பார்கள். எஃப்சிக்குப் போகும்போது நடப்பு இன்சூரன்ஸ் கேட்பார்கள், அதனால் பிரேக்கும் லைட்டும் முடிந்த உடனே பாலிசியைப் போட்டுவிட்டு அப்புறம் எஃப்சிக்கு நாள் குறியுங்கள்.

கேள்வி: மகனிடம் கார் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. பிக்கப் ஓட்டலாமா? (செங்கம்)

ஓட்டலாம். இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. லைசென்ஸ் காலாவதி தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.