கல்யாணப் படங்களும் மூன்று ஹார்ட் டிஸ்க்குகளும்

கேள்வி: திருமங்கலத்தில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். இரண்டு கேமரா, ஒரு கல்யாணத்துக்கு ஏறக்குறைய 3,500 ரா ஃபைல் (கேமரா பதியும் மூலப் படம்). மூன்று ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதால் போன வருடப் படம் கேட்டால் தேடவே அரை நாள் ஆகிறது. எடிட்டிங் ஒரு வாரம் இழுக்கிறது. ஒன்றரை லட்சத்துக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். லைட்ரூம் மென்பொருளில் படம் திருத்திக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. 8 ஜிபியை 16 அல்லது 32 ஆக்கினால் தீரும். மெல்லிய லேப்டாப் சிலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. ஆகவே மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி வேண்டும். இரண்டும் அமைதியாக இருந்து பிராசஸர் மட்டும் முட்டிக்கொண்டு நின்றால்தான் கடைக்காரர் சொல்வதை யோசிக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நேரம் போவது வேறிடத்தில் என்று படுகிறது. தேர்வு செய்யும்போது ஒவ்வொரு படமும் தெளிவாகத் தெரிய 4 விநாடி காத்திருந்தால், 3,500 படத்துக்குக் காத்திருப்பு மட்டுமே கிட்டத்தட்ட 4 மணி நேரம். இம்போர்ட் செய்யும்போது பிரிவியூவில் ‘எம்பெடட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேமரா ரா ஃபைலுக்குள்ளேயே வைத்திருக்கும் ஜேபெக்கை எடுத்து உடனே காட்டும். ரா ஃபைலின் சிறிய நகலான ஸ்மார்ட் பிரிவியூவையும் டிக் செய்து இரவில் ஓடவிட்டுப் படுங்கள். அதன் நீளப்பக்கம் 2,560 பிக்சல்தான் என்பதால் கலர் கரெக்‌ஷன் பழைய கணினியிலும் இலகுவாக ஓடும், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டும் வேலை செய்யலாம்.

தேர்வில் ‘எதைத் தள்ளலாம்’ என்று பார்க்காதீர்கள், ‘எதை எடுக்கலாம்’ என்று பாருங்கள். ஆல்பத்துக்குப் போவது 300 சொச்சம் படம். தள்ளுவதற்காக 3,200 முறை முடிவெடுப்பதில்தான் கை சோர்ந்து போகிறது. எடுத்ததை வெளிச்சப்படி பிரியுங்கள்: மணவறை, ரிசப்ஷன் மேடை, வெளிப்புறம். ஒவ்வொன்றிலும் ஒரு படத்தைச் சரிசெய்து, அதே திருத்தத்தை மற்றவற்றுக்கும் சிங்க் செய்தபின், முகங்களை மட்டும் தனித்தனியாகப் பாருங்கள். வீடியோக்காரர் நடுவில் லைட்டை மாற்றியிருந்தால் அந்த இடத்திலிருந்து புதுக் கட்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் பாதி மணவறை மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் நிற்கும்.

இனி ஃபோல்டர். பெயரில் முதலில் வருடம், பிறகு மாதம், நாள், ஊர், நிகழ்ச்சி: ‘2025-05-18 உசிலம்பட்டி கல்யாணம்’. வருடம் முன்னால் வந்தால் கணினி தானாகவே தேதி வரிசையில் அடுக்கிவிடும். உள்ளே ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர். இதில் மட்டும் சோம்பல் கூடாது. கேமராவின் எண் 9999 தொட்டதும் மறுபடி 0001 ஆகும். ஒரே கம்பெனி கேமரா இரண்டு இருந்தால் ஒரே பெயரில் இரண்டு படம் வரும். ஒரே ஃபோல்டரில் கொட்டி, கேட்கும்போது ‘ரீப்ளேஸ்’ அழுத்தினால் தாலி கட்டும் படத்தின் மேல் பந்திப் படம் உட்கார்ந்துவிடும். தனித்தனியாக இறக்கிய பிறகு தேதி, நேரம், பழைய எண் சேர்த்துப் பெயர் மாற்றுங்கள்.

இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். மறந்துவிட்டால், மண்டபத்துக்குள் நுழைந்ததும் இரண்டிலும் ஒரே செல்போன் கடிகாரத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று பார்த்து லைட்ரூமின் ‘எடிட் கேப்சர் டைம்’ மூலம் ஒரு கேமராவின் படங்களை மொத்தமாக நகர்த்தலாம். பெயர் மாற்றுவதற்கு முன்பே இதை முடியுங்கள்.

லைட்ரூமில் சேர்த்த ஃபோல்டரை விண்டோஸ் வழியாக இழுத்து வேறிடம் வைக்கவே கூடாது. படம் எங்கே இருக்கிறது என்று லைட்ரூம் குறித்துவைக்கும் பதிவேடான கேட்டலாக், பழைய இடத்திலேயே தேடிக்கொண்டு கேள்விக்குறி காட்டும். லைட்ரூமுக்குள்ளிருந்தே நகர்த்துங்கள். கேட்டலாக் பேக்கப்பில் படங்கள் இருக்காது, நீங்கள் செய்த திருத்தங்கள் மட்டுமே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்க வேண்டியது இவ்வளவுதான். நடப்பு வேலைக்கு 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று. சேமிப்புக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, இரண்டிலும் அதே படங்கள். ஒரு ஃபைல் 28 எம்பி என்றால் ஒரு கல்யாணம் சுமார் 98 ஜிபி. வருடம் 30 கல்யாணத்துக்கு 3 டிபி. (4 டிபி என்று விற்பதை விண்டோஸ் 3.63 என்று காட்டும். அது ஏமாற்று அல்ல, கணக்கிடும் முறை வேறு.) எஸ்எஸ்டியைச் சேமிப்புக்கு வைக்காதீர்கள்; நெடுநாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் பதிந்தது அழியக்கூடும். இரண்டாவது டிஸ்க்கைக் கணினியில் எப்போதும் சொருகியே வைத்திருந்தால் வைரஸ் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். கழற்றி, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். இரண்டு பிரதியும் சரியாகத் திறக்கிறது என்று பார்க்கும்வரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது, மறுநாளே முகூர்த்தம் இருந்தாலும். அதற்காகக் கூடுதலாக இரண்டு கார்டு வாங்குவது நல்ல செலவு.

பழைய மூன்று டிஸ்க்கையும் ஆடியில் எடுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதத்தில்தான் பொறுமை இருக்கும்.

கேள்வி: மேலூரில் இருக்கிறேன். 2 டிபி பென் டிரைவ் 600 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். குழந்தையின் படங்களைப் போட்டேன். முதலில் போட்டவை மட்டும் திறக்கின்றன. என்ன ஆயிற்று?

பதில்: உள்ளே இருப்பது 2 டிபி அல்ல, 16 அல்லது 32 ஜிபி சிப்பாக இருக்கலாம். பொய் அளவைச் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியபின் எழுதுவது எங்கும் பதியாது, ஃபைல் பெயர் மட்டும் தெரியும். அந்தப் படங்களை அதிலிருந்து மீட்க முடியாது. செல்போனில் இன்னும் அழிக்கவில்லை என்றால் இப்போதே வேறிடத்தில் நகல் எடுங்கள்.

இனி எந்த டிரைவ், கார்டு வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். முழுக்க எழுதித் திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லும். பல மணி நேரம் ஆகும், ஆனாலும் படம் போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

சோதனை முடிவைப் படமெடுத்து, ஆர்டர் ரசீதுடன் விற்றவருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கால வரம்பு 2 ஆண்டு. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. தொழிலுக்கு வாங்கியது என்று போட்டோகிராபர்களைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோரே.

கேள்வி: மதுரை அண்ணா நகர். போன் நிரம்பிவிட்டது. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகிவிட்டதால் போனிலிருந்து அழித்துவிடலாமா?

பதில்: அந்த ஆப்பிலேயே படத்தைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்தால் கூகுளில் இருப்பதும் சேர்ந்து போகும். ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதை அழுத்துங்கள். பேக்கப் ஆனவற்றைப் போனிலிருந்து மட்டும் நீக்கும். ஏற்கெனவே தவறாக அழித்திருந்தால் ட்ராஷ் பகுதியைப் பாருங்கள், பேக்கப் ஆன படங்கள் 60 நாள் வரை அங்கே இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் ஜிமெயிலும் சேர்த்தி.