வாசகர் கேள்வி: அந்த 10 அங்குல மேடு

கே: பேஸ்பால் பிட்சர் 5 நாளைக்கு ஒருமுறைதான் பந்து போடுகிறார். மற்ற நாளெல்லாம் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மெல்கிறார். இதற்கா கோடிக்கணக்கில் சம்பளம்? (திருச்சி வாசகர்)

ப: விதை வரைக்கும் கவனித்திருக்கிறீர்களே, சபாஷ்! கஷ்டமே அந்த மெல்லும் நாட்களில்தான். நம் பவுலர் ஒரு ஓவரில் 20 ரன் கொடுத்தால் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு ஃபைன் லெக் பக்கம் போய் நின்றுவிடலாம், கேப்டன் வேறு ஆளைக் கூப்பிடுவார், கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் மறந்தும் போவார்கள். பிட்சருக்கு அப்படி ஒளிய இடம் கிடையாது. நடுவில் 10 அங்குல உயர மண்மேடு, 60 அடி 6 அங்குலம் தள்ளி பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட், இவர் கையை விட்டுப் பந்து கிளம்பினால்தான் ஆட்டமே நகரும். சொதப்பினால் மேனேஜரே (நம் ஊர் பயிற்சியாளர் மாதிரி) மேட்டுக்கு நடந்து வந்து பந்தை வாங்கிக்கொள்வார். மொத்த மைதானமும் பார்க்க வெளியே நடக்க வேண்டும். அப்புறம் அடுத்த வாய்ப்பு வரும்வரை அதையே அசைபோட வேண்டியதுதான்.

கே: படுமோசமான சீசனிலிருந்து எழுந்து வந்தவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? (கோவை வாசகர்)

ப: சந்தேகமே இல்லாமல் ராய் ஹாலடே. 1998-ல் டொராண்டோ புளூ ஜேஸ் அணிக்காகத் தன் இரண்டாவது ஆட்டத்திலேயே, கடைசி இன்னிங்ஸில் இன்னும் ஒரே ஒரு அவுட் பாக்கி என்கிற வரைக்கும், எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பேட்டர் பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸ் என்ற நிறுத்தத்தை எட்டுவது) கொடுக்காமல் வந்தவர். அப்போது வயது 21. இரண்டே வருடத்தில் தலைகீழ். 2000 சீசனில் அவருடைய இ.ஆர்.ஏ. 10.64. அதாவது, ஃபீல்டர் தவறால் போன ரன்களைக் கழித்துவிட்டு, 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக இத்தனை ரன் கொடுத்தார் என்று கணக்கு. 4 என்றால் பரவாயில்லை, 3 என்றால் கெட்டிக்காரர். ஒரு சீசனில் 50 இன்னிங்ஸாவது வீசியவர்களில் அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் வரலாற்றிலேயே இதைவிட மோசமான கணக்கு இல்லை.

2001 தொடக்கத்தில் அவரை மேஜர் லீகிலிருந்து மூன்று படி கீழே, ஃபுளோரிடாவில் டனீடன் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். ரஞ்சி ஆடியவரை மூன்றாம் டிவிஷன் லீகில் ஆடச் சொன்ன மாதிரி. அங்கே மெல் குவீன் என்ற பழைய கோச் அவரைப் பிரித்து மேய்ந்தார். ஹாலடே கையை நேர் மேலே தூக்கி வீசுவார், பந்து வேகமாகத்தான் போகும், ஆனால் ஒரே நேர்கோட்டில் போகும், பேட்டருக்கு அது அல்வா. கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் இறக்க வைத்து, பிடியையும் மாற்றியதும் கடைசி நொடியில் பந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நழுவ ஆரம்பித்தது. அந்த வருடமே மேலே வந்துவிட்டார். 2003-ல் 22 வெற்றி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. பிலடெல்பியா அணிக்கு மாறிய 2010-ல் இன்னொரு சை யங். அந்த மே 29-ல் 27 பேட்டர் வந்து 27 பேரும் அவுட் ஆன பர்ஃபெக்ட் கேம். அதற்குப் பிறகு அணியில் இருந்தவர்களுக்கெல்லாம் வாட்ச் வாங்கிக் கொடுத்தாராம். அதே அக்டோபரில், வாழ்க்கையில் முதன்முதலாக ஆடிய பிளே-ஆஃப் ஆட்டத்திலும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லை.

2017-ல் தானே ஓட்டிப் போன சிறு விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். 40 வயதுதான். பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் 2019-ல் வந்தது, வாங்க அவர் இல்லை.

கே: இந்தியர் யாராவது பிட்சராகப் போயிருக்கிறார்களா? (சேலம் வாசகர்)

ப: ரிங்கு சிங், தினேஷ் படேல். ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசப் பையன்கள். 2008-ல் மேஜர் லீக் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. இருவருமே மேஜர் லீகை எட்டவில்லை. (கிரிக்கெட் ரிங்கு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

கே: நன்றாக வீசிக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று பந்து போடவே மறந்துபோகுமா? (நெல்லை வாசகர்)

ப: போகும். ரிக் ஆங்கீலுக்குப் போனது. ஹாலடே தடுமாறிய அதே 2000-தான், ஆனால் இவருக்கு அந்த சீசன் அமோகம்: செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் 21 வயது இடதுகைப் பையன், 11 வெற்றி. அக்டோபர் 3, அட்லாண்டாவுக்கு எதிரான பிளே-ஆஃப் முதல் ஆட்டம், மூன்றாவது இன்னிங்ஸ். ஒரு பந்து கேட்சருக்கு (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) எட்டாமல் பின்னால் ஓடியது. சரி, எல்லோருக்கும் நடப்பதுதான். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று என்று ஒரே இன்னிங்ஸில் 5. ஒவ்வொரு முறையும் கேட்சர் எழுந்து பின்சுவரை நோக்கி ஓடுகிறார், இவர் மேட்டில் நின்று பார்க்கிறார். தெரு கிரிக்கெட்டில் ஒரே ஓவரில் 6 வைடு போட்டவன் என்ற முறையில் எனக்கு அந்த முகம் நன்றாகவே புரிந்தது. மறு சீசனில் மேட்டுக்குப் போகுமுன் வோட்கா குடித்துப் பார்த்ததாக அவரே பிற்பாடு ஒளிக்காமல் சொன்னார். ஒருநாள் சமாளித்தது, அவ்வளவுதான். முழங்கை ஆபரேஷனும் சேர்ந்துகொள்ள, 2005-ல் பிட்சிங்கையே விட்டுவிட்டார். அங்கே அவர் நிற்கவில்லை. கீழ்மட்ட லீகில் பேட்டராக முதலிலிருந்து தொடங்கி, 2007 ஆகஸ்டில் கார்டினல்ஸுக்கே அவுட்ஃபீல்டராகத் திரும்பி, அன்றைக்கே ஒரு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். மொத்தம் 76 ஹோம் ரன்!

ஹாலடே மாதிரி மேட்டுக்கே திரும்பினால்தான் வெற்றி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு ஆங்கீல் செய்ததுதான் அதைவிடக் கடினமாகத் தெரிகிறது.

கே: அப்படியானால் அவர் கையில் கோளாறே இல்லையா? (அதே நெல்லை வாசகர், மறு தபாலில்)

ப: 2008 மே மாதம் டென்வரில் நடந்த ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். சென்டர் ஃபீல்டின் ஆழத்திலிருந்து மூன்றாவது பேஸுக்கு ஆங்கீல் எறிந்தார், ஏறக்குறைய 300 அடி. பந்து தரையில் படாமல் நேராகத் தன் ஆளின் கிளவுஸில் போய் விழுந்தது, ஓடி வந்தவர் அவுட். அதே ஆட்டத்தில் இன்னொரு முறையும் அப்படியே எறிந்தார்.