ஏ.டி.எச்.டி மாத்திரை கொடுத்தால் பிள்ளையின் இதயம் கெட்டுவிடுமா, வளர்த்தி நின்றுவிடுமா?

பண்டாரவளையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். எட்டு வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி (கவனம் நிற்காமல் சிதறுவது, அளவுக்கு மீறிய துருதுருப்பு) என்று சொல்லி மெத்தில்பெனிடேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதயம் நின்றுவிடும், வளரமாட்டான், பிறகு போதைக்குப் பழகிவிடுவான் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லவும், மாத்திரையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு இரண்டு வாரமாகத் திறக்காமல் இருக்கிறார்.

நானும் அப்படி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவள்தான். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் மகனுக்கு இப்போது பத்து வயது, எட்டில் மாத்திரை தொடங்கினோம். நான் டொக்டர் இல்லை. இரண்டு வருடம் கிளினிக் கொப்பியும் கையுமாக அலைந்து கேட்டதையும், தேடிப் படித்ததையும் எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் பயப்படுவது இதயத்துக்குத்தான். அந்தப் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த மாத்திரை மூளையில் டோபமின், நோரட்ரினலின் இரண்டையும் கூட்டுகிறது. அதே நோரட்ரினலின்தான் நாடித்துடிப்பையும் பிரஷரையும் ஏற்றுவது. சராசரியாகப் பார்த்தால் நிமிடத்துக்கு 3 முதல் 6 துடிப்பு, பிரஷரில் 2 முதல் 4 புள்ளி. சில பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடும். 2005இல் கனடாவில் திடீர் மரணங்கள் பற்றிய அறிக்கைகள் வந்து, ஏ.டி.எச்.டிக்கே கொடுக்கும் இன்னொரு வகையான அம்பெடமின் மாத்திரை ஒன்றின் விற்பனையைச் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள், பிறகு திரும்ப அனுமதித்தார்கள். அமெரிக்காவில் 12 இலட்சம் பிள்ளைகளையும் இளைஞர்களையும் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2011இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், திடீர் மரணம் போன்றவை மாத்திரை எடுத்தவர்களிடம் கூடியிருக்கவில்லை. மொத்தத்திலேயே வருடத்துக்கு இலட்சம் பேரில் மூன்று பேர் அளவில்தான் அவை நடந்திருந்தன.

நீண்ட காலம் எடுப்பவர்களின் கதை கொஞ்சம் வேறு. 2023 கடைசியில் வந்த சுவீடன் ஆய்வில், மூன்று வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களை விட இதய, இரத்தக்குழாய் நோய் சுமார் நாலில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரிந்தது. கூடியது பெரும்பாலும் உயர் இரத்த அழுத்தமும் நாடிகளில் (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில்) வரும் நோயும். அதில் பெரியவர்களும் இருந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கே ஏதோ ஆகிவிடும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வருடக்கணக்கில் கொடுப்பதென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பிரஷரும் நாடியும் பார்த்தே ஆகவேண்டும். மாத்திரையின் அளவை மாற்றும்போதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியம், தொடங்குவதற்கு முன் நீங்கள் டொக்டரிடம் சொல்ல வேண்டியவை. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, முணுமுணுப்புச் சத்தம் என்று ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? ஓடி விளையாடும்போது மயங்கி விழுந்திருக்கிறானா? குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்கு முன் திடீரென்று இறந்திருக்கிறார்களா? எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும். மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, மாதா மாதம் பெனிசிலின் ஊசி போட்ட பிள்ளைகள் தோட்டங்களில் உண்டு. அந்தக் காய்ச்சல் இதய வால்வைத் தாக்கக்கூடியது. பெரியவர்கள் அதை 'மூட்டு வருத்தம்' என்று சொல்லி மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்பாயியிடம் கேட்டபோதுதான் என் கணவரின் தம்பி ஒருவருக்கு அப்படி ஊசி போட்டது தெரியவந்தது. மகனுக்கு அப்படி எதுவும் இல்லை. என்றாலும் அதைச் சொன்னதும் டொக்டர் ஈ.சி.ஜி எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் தொடங்கினோம். மாத்திரை எடுக்கும் பிள்ளைக்கு நெஞ்சு வலித்தாலோ, விளையாட்டில் மயக்கம் வந்தாலோ கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதயத்தைப் பற்றிப் பயந்து பயந்து, சோற்றைக் கவனிக்காமல் விட்டேன்.

இந்த மாத்திரை பசியை அடக்கும். மிகவும் பொதுவான பக்கவிளைவு அதுதான். எனக்கு அது தெரியும், துண்டிலும் எழுதியிருந்தது. ஆனால் காலை ஆறரை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், வெறும் வயிற்றில் ஒரு கோப்பை பிளேன்டீயோடு மாத்திரையைக் கொடுத்து ஏற்றிவிடுவேன். ரொட்டியைக் கையில் கொடுத்தால் பாதியைக் கடித்துவிட்டுப் பைக்குள் வைத்துவிடுவான். சாப்பாட்டுப் பெட்டி மட்டும் காலியாகவே வரும். சாப்பிடுகிறான் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்காரும் பையனுக்குத் தினமும் கொடுத்திருக்கிறான். மூன்றாம் மாதம் பாடசாலைக்கு உடுத்தும்போது கட்டைக் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் வழுக்கி விழுந்தது. ஊசி குத்தி அனுப்பிவிட்டு, அன்று பின்னேரம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்த தராசில் ஏற்றினேன். 21 கிலோவில் தொடங்கிய பிள்ளை 19.4இல் நின்றான். இடையில் ஒரு கிளினிக் போயிருந்தோம். அன்று கூட்டம் அதிகம், அவனை நிறுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒன்றரைக் கிலோவை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மாத்திரை எல்லா ஊரிலும் ஒன்றுதான், அது போய்ச் சேரும் உடம்பு ஒன்றில்லை. 2016இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 32 வீதம், மூன்றில் ஒரு பிள்ளை. அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்துத் தொடங்கி, அவர்கள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், விடாமல் மாத்திரை எடுத்தவர்கள் விட்டு விட்டு எடுத்தவர்களை விடச் சுமார் 2 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள். பாலும் முட்டையும் தாராளமாகக் கிடைத்து வளர்ந்த பிள்ளைக்கு 2 சென்டிமீட்டர் ஒன்றும் பெரிதில்லை. ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்று, ஏற்கனவே வளர்த்திக் கோட்டுக்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு வேளைச் சோறும் கணக்கு.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் என்னைத் திட்டவில்லை, நேரத்தை மாற்றித் தந்தார். முதலில் சாப்பாடு, பிறகு மாத்திரை. அதற்காக அரை மணி முன்னுக்கு எழும்புகிறோம். ரொட்டியோடு கட்டாயம் ஒரு முட்டை, இல்லையென்றால் கடலை. மத்தியானம் சாப்பிடாவிட்டால் நான் சண்டை பிடிப்பதில்லை. பின்னேரம் நாலு மணிக்கு மருந்தின் வேகம் இறங்கியதும் பசி பாய்ந்து வரும், அப்போது சோறும் பருப்பும் கருவாடும். இரவு எட்டரைக்கு இன்னொரு முறை. சோற்றில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயோ நெய்யோ ஊற்றிவிடுவேன். டிசம்பர் லீவில் டொக்டர் சொன்னபடி மாத்திரையை நிறுத்தி வைத்தோம், ஒரு மாதத்தில் நன்றாகத் தேறினான். இதை எல்லாப் பிள்ளைக்கும் செய்யலாம் என்றில்லை, உங்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

தேயிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கே பிளேன்டீ கொடுத்துவிடுகிறோம். அதிலும் கபேன் இருக்கிறது, அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். மாத்திரையும் தேத்தண்ணியும் சேர்ந்தால் ஒன்றுக்கு ஒன்று துணை. என் மகன் இரவு பதினொரு மணிவரை கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பின்னேரத் தேத்தண்ணியை நிறுத்திய பிறகு பத்துக்கு முன் தூங்கினான். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதும் உண்மை. இரத்தம் குறைந்த பிள்ளைக்கு அதனாலேயே கவனம் சிதறும். ஆகவே மாத்திரைக்கு முன் இரத்தம் சோதித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து எவ்வளவு நாள் என்பதையும் சொல்லுங்கள். குளிர் காலத்தில் பார்மசியில் தடுமலுக்கு வாங்கும் மாத்திரை, பாணி சிலவற்றில் மூக்கடைப்புக்காக சூடோஎபெட்ரின் போன்ற மருந்து இருக்கலாம், அதுவும் பிரஷரை ஏற்றும். இவன் இன்ன மாத்திரை எடுக்கிறான் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் பிள்ளையின் குணம். எங்கள் இஸ்தோப்பில் நின்றால் கீழே மெயின் ரோட் தெரியும். மகன் அங்கே நின்று போகிற பஸ்ஸையெல்லாம் கூவிச் சொல்வான், ஹட்டன் பஸ், நுவரெலியா பஸ், கண்டி பஸ் என்று. இரண்டாம் மாதம் மாத்திரையின் அளவைக் கூட்டியதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பஸ் போகும், பார்ப்பான், ஒன்றும் சொல்லமாட்டான். அப்பாயி அழுதுவிட்டார்: "எம் புள்ளைய ஊமையாக்கிட்டீங்களே." பாடசாலையில் அவன் வகுப்பாசிரியை மட்டும் சந்தோசமாக, இப்போது நல்ல அமைதி என்றார். டொக்டரிடம் சொன்னபோது, பிள்ளை மந்தமாக இருந்தால் அது அமைதி இல்லை, அளவு கூடிவிட்டது என்று அர்த்தம் என்றார். குறைத்தார். நாலாம் நாள் மறுபடியும் ஹட்டன் பஸ் வந்தது. ஆகவே மற்றவர்கள் புகழ்ந்தாலும் உங்கள் பிள்ளை உங்கள் பிள்ளையாக இருக்கிறானா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அழுகை, எரிச்சல், கண் சிமிட்டும் பழக்கம் போன்ற துடிப்புகள், இல்லாத சத்தம் கேட்பது எல்லாம் உடனே சொல்ல வேண்டியவை. கடைசியாகச் சொன்னது அரிது. 13 முதல் 25 வயது வரையானவர்களைப் பற்றிய 2019 ஆய்வொன்றில் ஏறக்குறைய 660 பேரில் ஒருவருக்கு அப்படியான மனக்குழப்பம் வந்திருந்தது, அம்பெடமின் வகையில் மெத்தில்பெனிடேட்டை விடக் கூடுதலாக.

பழக்கமாகிவிடுமா என்ற கேள்விக்கு: டொக்டர் சொன்ன அளவில், வாயால், ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைக்குக் கொடுத்தால் பிற்காலத்தில் போதைக்குப் போகும் ஆபத்து கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆபத்து, மாத்திரை வேறு கைக்குப் போகும்போதுதான். இது 1971ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு தாய் என்னிடம் வந்து, மகளுக்கு இரண்டு மாத்திரை தாங்க டீச்சர், நல்லா படிப்பாளாம் என்று கேட்டார். நல்ல மனுசி. பிள்ளை மேல் இருந்த ஆசையில் கேட்டார். கொடுக்கவில்லை, உட்கார வைத்து இதையெல்லாம் விளக்கினேன். அன்றிலிருந்து எண்ணி வைத்துப் பூட்டுகிறேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பிறகு ஏன் கொடுக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். தொடங்குவதற்கு முன் ஒரு வருடத்தில் இரண்டு முறை ரோட்டுக்குக் குறுக்கே ஓடி வாகனத்தில் அடிபடப் பார்த்தான். ஒரு வரி எழுத ஒரு மணித்தியாலம். "நான் மோசமான புள்ளையாம்மா?" என்று படுக்கையில் கேட்டான். இப்போது தானாக வாசிக்கிறான். அதனால் கொடுக்கிறேன். அலுமாரியில் பூட்டி வைப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு. திறப்பதா வேண்டாமா என்பதை டொக்டரோடு பேசி முடிவெடுங்கள். ஆனால் திறப்பதற்கு முந்தின நாள் உயரத்தையும் நிறையையும் ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள், பிறகு ஒவ்வொரு மாதமும்.

எங்கள் காம்பராக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். எட்டு வயதில் 120. முதல் ஆறு மாதத்தில் இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகவே கிடக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை போட்டது 130, நிறை 26 கிலோ. அடுத்த கிளினிக் 17ஆம் திகதி.